தம்பியின் மாத்திரைகளும் உறங்கும் கிருமிகளும்

1

போன செவ்வாய்க்கிழமை மருத்துவமனையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. நான்கே வரி. சிகிச்சை முடிந்துவிட்டது, இனி வரவேண்டியதில்லை, இருமலோ காய்ச்சலோ நீடித்தால் மட்டும் தெரிவிக்கவும், கீழே ஒரு செவிலியரின் கையெழுத்து. ஸ்வீடனில் எல்லாச் செய்தியும் இப்படித்தான் வரும். வரிக் கணக்கு, பல் பரிசோதனை, உயிர் பிழைத்தது எல்லாம் ஒரே மாதிரி வெள்ளை உறையில்.

இந்தக் கடிதத்துக்குப் பின்னால் ஒன்றரை வருடக் கதை இருக்கிறது. அதில் பெரும்பகுதி என்னுடையதல்ல, சென்னையை அடுத்த நெமிலிச்சேரியில் இருக்கும் என் தம்பி சேகருடையது. இதை எழுதட்டுமா என்று அவனிடம் கேட்டேன்.

"எழுது. பேர் போட்டே எழுது. மறைச்சி மறைச்சி வெச்சதுதான் எனுக்கு வென ஆச்சி" என்றான்.

2

முதலில் என் வேலையைச் சொல்லிவிட வேண்டும். பல்கலைக்கழக ஆய்வகம் ஒன்றில் பாக்டீரியாக்களைப் பட்டினி போடுவது என் வேலை. ஒவ்வொரு பாக்டீரியாவுக்குள்ளும் ரைபோசோம் என்ற நுண்ணிய பொறிகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. உயிர் வாழத் தேவையான புரதங்களை எல்லாம் கட்டித் தருபவை அவைதாம். உணவு தீர்ந்துபோனாலோ, குளிர் கூடினாலோ, பாக்டீரியா ஒரு சிறிய புரதத்தை உண்டாக்குகிறது. அது ரைபோசோமுக்குள் போய், எந்தப் புரதத்தைக் கட்ட வேண்டும் என்று சொல்லும் கட்டளை இழை நுழைய வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. பொறி நின்றுவிடுகிறது, ஆனால் உடைவதில்லை. உணவு திரும்ப வந்ததும் புரதம் விலக, பொறி மறுபடி ஓடத் தொடங்குகிறது. அந்தப் புரதம் இல்லாமல் செய்யப்பட்ட பாக்டீரியாக்களைப் பட்டினி போட்டுவிட்டுப் பிறகு உணவு கொடுத்தால், பல எழுந்திருப்பதே இல்லை.

பதினோரு வருடமாக இதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். காலையில் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சைக்கிளில் ஆய்வகத்துக்குப் போய், நான்கு டிகிரிக் குளிரறைக்குள் ஸ்வெட்டரோடு நுழைந்து, குடுவைகளை எண்ணி எடுத்து வருவேன். வெளியே பனி, உள்ளேயும் குளிர். நாங்கள் வளர்ப்பது காசநோய்க் கிருமியின் தூரத்து உறவு. மனிதருக்குத் தீங்கு செய்யாத ரகம்.

வேலையில் சேர்ந்த புதிதில் சேகர், "அங்க இன்னாதான்க்கா பண்ற?" என்று கேட்டான். "கிருமிக்குள்ள இருக்கிற பொறியைத் தூங்க வைக்கிற ஒரு புரதம் இருக்கு, அதைப் படிக்கிறேன்" என்றேன். அவன் காதில் விழுந்தது தூங்க வைப்பது மட்டும், அதைத் தெருவிலும் சொல்லி வைத்தான். அடுத்த தடவை ஊருக்குப் போனபோது எதிர்வீட்டு மாமா தயங்கித் தயங்கி வந்து நின்றார்.

"ஏம்மா, தூக்க மாத்திர கண்டுபுடிக்கிறியாமே. உன்னாண்ட ரெண்டு கீதா? நமுக்கு ராவுல கண்ணே மூட மாட்டேங்குது."

இல்லை என்று எவ்வளவு சொல்லியும் அவர் நம்பவில்லை. வெளிநாட்டுக்குப் போனதும் கை சுருங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு போனார். நானும் சேகரும் சிரித்தோம். தெளிவாகச் சொல்லாமல் விட்டது நான்தான் என்று அப்போது தோன்றவில்லை.

3

சேகர் என்னைவிட எட்டு வயது இளையவன். அப்பா அம்மா இருவரும் போனபிறகு நெமிலிச்சேரி வீட்டில் அவனும் அவன் மனைவி கலாவும் இருக்கிறார்கள். திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு சிறிய கம்பெனியில் அவன் மெஷின் ஆப்பரேட்டர். இரும்புத் துண்டுகளை அளவு பிசகாமல் கடைந்தெடுக்கும் வேலை. கை சுத்தம் என்று அங்கே அவனுக்குப் பெயர்.

போன வருடத்துக்கு முந்தைய வருட நடுவில் அவனுக்கு இருமல் வந்தது. தூசு என்றான், ஏசி என்றான். கலா வற்புறுத்திப் பரிசோதனைக்கு அழைத்துப் போனபிறகு எனக்கு ஃபோன் செய்தான். குரல் சின்னதாக இருந்தது.

"டிபின்னு சொல்றாங்கக்கா. யாராண்டயும் சொல்லாத. கம்பெனில தெரிஞ்சா சோத்து டப்பாவத் தனியா வெச்சிருவானுங்க."

மதியச் சாப்பாட்டுக்கு அங்கே ஆறு பேர் பேப்பரை விரித்து ஒன்றாக உட்காருவார்கள். ஒருத்தன் குழம்பு இன்னொருத்தன் சோற்றில் விழும். வியாதியைவிட அந்த இடம் போய்விடுமோ என்பதுதான் அவன் பயம். நான் தைரியம் சொன்னேன். குணமாகிவிடும், ஆறு மாதம் மாத்திரை, ஒரு நாளும் விடக்கூடாது என்றேன். சரி சரி என்றான்.

இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. முகம் தெளிந்தது. மூன்றாவது மாதம் ஒரு நாள் மதியம், நான் ஆய்வக நடைபாதையில் குடுவைகளோடு நடந்துகொண்டிருந்தபோது கலா அழைத்தாள். அவள் திண்டிவனம் பக்கத்துப் பெண், அதிகம் பேச மாட்டாள்.

"அண்ணி, அவரு மாத்திரை போடுற மாதிரி தெரியல. அட்டை பிரிக்காம அப்படியே இருக்கு. நான் கேட்டா கோவம் வருது. நீங்க கேட்டா சொல்லுவாரு."

"நான் பேசுறேன் கலா. கவலைப்படாத" என்றேன்.

அந்த வாரம்தான் எங்கள் ஆய்வுக் கட்டுரை இதழிலிருந்து திருத்தங்களோடு திரும்பி வந்திருந்தது. உறங்கும் பாக்டீரியாக்கள் மருந்திலிருந்து எவ்வளவு காலம் தப்பிக்கின்றன, இன்னும் தெளிவாகக் காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள். அதற்காக மூன்று வாரம் வேறு எதுவும் நினைக்காமல் வேலை செய்தேன். சேகரிடம் பேசியபோது அவன் பிறந்தநாள் வந்துவிட்டிருந்தது.

"நல்லா ஆயிட்டேன்க்கா. ரெண்டு கிலோ ஏறிட்டேன்" என்றான்.

"ரொம்ப நல்லது" என்றேன்.

மாத்திரையைப் பற்றி நான் கேட்கவில்லை. மறந்தேன் என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. நாக்கு வரை வந்தது. பிறந்தநாளும் அதுவுமாக எதற்கு என்று விட்டுவிட்டேன். கலா அதற்குப் பிறகு அழைக்கவில்லை.

4

ஐந்து மாதம் கழித்து அவள் அழைத்தபோது ஒரே வாக்கியம்தான் சொன்னாள். "அண்ணி, இருமினா ரத்தம் வருது."

மகள் நிலாவைப் பக்கத்து நகரத்தில் இருக்கும் அவள் அப்பாவிடம் கொண்டுபோய் விட்டேன். நாங்கள் பிரிந்து ஆறு வருடம் ஆகிறது, இது போன்ற நேரத்துக்கு உதவுவார். விடுப்புப் படிவத்தில் நெருங்கிய உறவினர் என்ற கட்டத்தில் தம்பி என்று எழுதினேன். ஒரே வீட்டில் வசிப்பவரா என்று அடுத்த கேள்வி. இல்லை என்று எழுதினால், அப்படியானால் ஏன் நீங்கள் போக வேண்டும் என்று இன்னொரு பெட்டி திறந்தது. முந்நூறு எழுத்துகளுக்குள் காரணம் சொல்ல வேண்டும். வெகுநேரம் அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அவனுக்கு வேறு யாரும் இல்லை" என்று எழுதினேன். கலா இருக்கிறாள் என்பது எழுதியபிறகுதான் நினைவுக்கு வந்தது.

வீட்டுக்குள் நுழைந்தபோது சேகர் ஜன்னலோரக் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. என் முகக்கவசத்தைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டான்.

கலா என்னைப் பின்பக்கம் அழைத்துப் போய் அவனுடைய டூல் பாக்ஸைத் திறந்து காட்டினாள். ஸ்பேனர்களுக்கு அடியில் மாத்திரை அட்டைகள், மாதக்கணக்கில், பிரிக்கப்படாமல். நான் அவற்றை அள்ளிக்கொண்டு போய் அவன் முன்னால் போட்டேன். ஆறு மாதம் என்று சொன்னேனா இல்லையா, படித்துப் படித்துச் சொன்னேனே என்று குரல் உயர்ந்துவிட்டது.

அவன் ஒரு அட்டையை எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பிறகு சொன்னான்:

"ஒண்ணுக்குப் போனா ஆரஞ்சு கலர்ல போவுது. ரத்தம்னு நெனச்சி பயந்துகினு கெடந்தேன். யாராண்ட கேப்பேன்? மாத்திர குடுக்குற சென்டர்லேர்ந்து நர்சம்மா வண்டில வந்து வாசல்ல நின்னா தெருவே எட்டிப் பாக்குது. நானே வந்து வாங்கிக்கிறேன்னு சொல்லி அனுப்சிட்டேன். ஒடம்பும் நல்லாத்தான் இருந்துச்சி. நீ அங்க கிருமிய வெச்சி வருசக்கணக்கா படிக்கிற. எனுக்கு இன்னா ஆவுதுன்னு ஒரு தபா கேட்டியா?"

கலா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவள் எனக்கு ஃபோன் செய்ததைச் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே என் கோபத்துக்கு அர்த்தமில்லாமல் போயிருக்கும். அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் நெஞ்சக நோய் மருத்துவமனைக்குப் போனோம். பாதியில் நிறுத்தியதால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறியிருக்கலாம், சளியைச் சோதித்தால்தான் தெரியும் என்றார் மருத்துவர். அப்படி மாறியிருந்தால் வைத்தியம் நீளும், மருந்துகள் கடுமையாகும், பலன் நிச்சயமில்லை. முடிவு வரக் காத்திருந்தோம். வெளி மரத்தடி பெஞ்சில் சேகர் ஒரு முனையிலும் நான் ஒரு முனையிலும்.

"அந்த தூக்க மேட்டரு இன்னா, இப்ப சொல்லு" என்றான் திடீரென்று.

சொன்னேன். இந்த முறை பாதியில் விடவில்லை. மருந்துகள் பலவும் ஓடிக்கொண்டிருக்கும் கிருமியைத்தான் நன்றாகக் கொல்லும், ஓய்ந்து கிடப்பவை தப்பித்துவிடும், முதல் இரண்டு மாதத்தில் பெரும்பாலானவை செத்ததால்தான் உனக்கு உடம்பு தேறியது, மிச்சமிருக்கும் கொஞ்சத்துக்காகத்தான் அடுத்த நான்கு மாதம் என்றேன். நான் படிக்கும் புரதம் மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது, கிருமிக்கு வேறு வழிகளும் உண்டு, எங்களுக்கே இன்னும் பாதிதான் தெரியும் என்பதையும் சொன்னேன். ஆரஞ்சு நிறம் மாத்திரையின் சாயம், ரத்தம் இல்லை என்றும் சொன்னேன்.

அவன் செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டு கேட்டான்.

"அப்ப அது தூங்கிகினு இருந்த நேரத்துல நா மாத்திரைய நிறுத்திட்டேன்."

"ஆமா."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா புரிஞ்சிருக்கும்க்கா. ஆறு மாசம் ஆறு மாசம்னு மட்டும் சொன்னா, என்னாத்துக்குன்னு எவனுக்குத் தெரியும்?"

மாநாடுகளில் இதே விஷயத்தை வரைபடங்களோடு நாற்பது நிமிடம் பேசியிருக்கிறேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். மருத்துவர் தாளைப் பார்த்துவிட்டு, கிருமி இன்னும் பழைய மருந்துக்கு அடங்குகிறது, முதலிலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார். கலா சுவரில் சாய்ந்து நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்கும் பரிசோதனை செய்திருந்தார்கள், ஒன்றுமில்லை. தினமும் ஒரே நேரத்தில் போட வேண்டும் என்றபோது, சேகர் தானாகவே சாயங்காலம் ஏழு மணி என்று சொன்னான். மருத்துவர் சாப்பாட்டுக்கு முன்னால் என்று சேர்த்துக்கொண்டார்.

5

நான் ஸ்வீடன் திரும்பிய வாரம், நிலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்குப் பதின்மூன்று வயது. தமிழ் அவளுக்கு வீட்டுக்குள் புரிகிற, வீட்டுக்குள்ளும் பேசாத மொழியாகிவிட்டிருந்தது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஸ்வீடிஷில் பதில் சொல்வாள். ஞாயிறு தமிழ் வகுப்பை விட்டு இரண்டு வருடம். ஊரில் இருந்து யாராவது அழைத்தால் ஃபோனை என்னிடம் நீட்டிவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

அன்று எல்லாம் கேட்டுவிட்டு, இந்தியாவில் மாலை ஏழு மணி என்றால் இங்கே எத்தனை என்றாள். பள்ளி விடும் நேரம் என்றேன். அப்படியானால் பேருந்து நிறுத்தத்தில் நான் சும்மாதான் நிற்பேன், மாமா மாத்திரை போடுவதை நானே பார்க்கிறேன் என்றாள். இரண்டு நாளில் சலித்துவிடும் என்று நினைத்தேன்.

முதல் நாள் நடந்ததைக் கலா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நிலா வீடியோவில் வந்து, பலமுறை மனதுக்குள் சொல்லிப் பார்த்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறாள். "மாமா, மாத்திரை எடுத்தீங்களா?"

"எடுத்தேன் பாப்பா. அட்டைலேர்ந்து எடுத்து கைல வெச்சிகினு கீறேன். இனிமேதான் போடணும்."

அவளுக்கு அது விளங்கவில்லை. மாத்திரையை எடுப்பது வேறு, போடுவது வேறு என்று அவன் விளக்கியிருக்கிறான். சட்டையும் போடுவோமே என்று இவள் கேட்டிருக்கிறாள். சண்டையும் போடுவோம், பந்தும் போடுவோம், கோலமும் போடுவோம் என்று அவன் அடுக்க, பேருந்து வந்தே விட்டது.

அவளுக்குச் சலிக்கவில்லை. அவன் வாயில் போட்டதும் நாக்கைத் தூக்கிக் காட்டச் சொல்வாள். ஷிப்ட் மாறும் நாட்களில் அவன் கம்பெனியிலேயே மெஷின் பக்கத்தில் நின்று ஃபோனைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அப்படித்தான் கூட வேலை செய்பவர்களுக்கும் விஷயம் தெரிந்தது. யாருடா அது வெள்ளைக்காரப் பாப்பா என்று கேட்டவர்களிடம் அவனே சொல்லிவிட்டான். அவன் இருமலில் இனி கிருமி இல்லை என்று மருத்துவர் உறுதி செய்து, வேலைக்குத் திரும்பியிருந்த நேரம் அது. இரண்டு பேர் சாப்பாட்டில் தள்ளி உட்கார்ந்தார்கள். மூன்று பேர் தள்ளி உட்காரவில்லை. "மூணு பேரு போதும்க்கா" என்றான் என்னிடம்.

ஒரு விடுமுறை நாளில் நான் சமைத்துக்கொண்டிருந்தபோது கூடத்திலிருந்து நிலாவின் குரல் கேட்டது. "இன்னா மாமா, போட்டுக்கினியா? பொய் சொல்லாத. நாக்கக் காட்டு."

இத்தனை வருடம் நான் பிடிவாதமாகச் சொல்லிக்கொடுக்க முயன்ற தமிழ் இது இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்டேன்.

6

அந்த இலையுதிர் காலத்தில் எனக்கும் பரிசோதனை நடந்தது. தொற்றுள்ளவரோடு தங்கியிருந்ததால் அலுவலக விதிப்படி கட்டாயம். சும்மா ஒரு சடங்கு என்றுதான் போனேன். ரத்தப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொண்டு செவிலியர் என்னை உட்காரச் சொன்னார்.

நோய் இல்லை, எக்ஸ்ரே சுத்தம், ஆனால் கிருமி உள்ளே இருக்கிறது என்றார். ஓய்வில்.

எப்போது வந்திருக்கும் என்று கேட்டேன். பரிசோதனை அதைச் சொல்லாது என்றார். போன கோடையாக இருக்கலாம், முப்பது வருடத்துக்கு முன்னாலும் இருக்கலாம். யாரோடாவது நெருங்கிப் பழகியிருக்கிறீர்களா என்று படிவத்தில் பார்த்துக் கேட்டார். ஆவடியில் ஒரே அறையில் அறுபது பேர் உட்கார்ந்த கணக்கு டியூஷனை நினைத்தேன். நெமிலிச்சேரியில் ஏறி சென்ட்ரல் வரை கல்லூரிக்குப் போன லோக்கல் ரயிலில், தோளில் சாய்ந்து தூங்கிய முகம் தெரியாத பெண்களை நினைத்தேன். படிவத்தில் நான்கு பெயர்களுக்குத்தான் இடம் இருந்தது. சேகர் என்று மட்டும் எழுதினேன்.

வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். ஆய்வகத்தில் பாதுகாப்பான ரகத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்து வளர்த்துக்கொண்டு, நிஜமானதை என்னோடு கொண்டு அலைந்திருக்கிறேன். பயம் வந்தது. அதைவிட, சேகரின் முன்னால் அந்த அட்டைகளை வீசிய என் கை நினைவுக்கு வந்தது.

கிருமி விழித்துக்கொள்ளாமல் இருக்க எனக்கு நான்கு மாத மாத்திரை. இப்போது நிலாவுக்குக் கண்காணிக்க இரண்டு பேர். அவள் வற்புறுத்தலில் நானும் அதே நேரத்தில் ஆய்வகத்திலிருந்து அழைப்பில் சேர்ந்து, சேகரோடு சேர்ந்து விழுங்குவேன். என் கண்ணீர்கூட ஆரஞ்சாகத் தெரிந்தது, காரணம் தெரிந்தும் முதல் நாள் குளியலறையில் திடுக்கிட்டுத்தான் போனேன்.

மூன்றாவது மாதம் நிலா பள்ளிச் சுற்றுலா போன நான்கு நாட்களில், நான் இரண்டு நாள் மாத்திரையை மறந்தேன். காய்ச்சல் இல்லை, அவமானம் இல்லை, தெரு எட்டிப் பார்க்கவில்லை. எந்தக் காரணமும் இல்லாமல் மறந்தேன். நிலா திரும்பி வந்து அட்டையை எண்ணிவிட்டு என்னைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. செவிலியரின் எண்ணைத் தேடி எடுத்து ஃபோனை என்னிடம் நீட்டினாள்.

7

போன மாதம், கிறிஸ்துமஸ் விடுமுறையில், நிலாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அவளுடைய வெளிநாட்டு இந்தியர் அட்டையில் ஐந்து வயதுப் படம், கடவுச்சீட்டில் பதின்மூன்று வயது முகம். இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே ஆறு வாரம் ஆனது. சேகர் சிகிச்சையை முழுவதுமாக முடித்திருந்தான். கழுத்து சட்டைக்குப் பொருந்தியிருந்தது. தினமும் பேசியவர்கள் நேரில் பார்த்ததும் இருவரும் கூச்சப்பட்டு, அரை நாள் கலா வழியாகவே பேசிக்கொண்டார்கள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் காலை, திருவேற்காடு கோயிலுக்குக் கலாவும் நிலாவும் போயிருந்தார்கள். நானும் சேகரும் நெமிலிச்சேரி ஸ்டேஷன் பக்கம் நடந்தோம். பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தோம். நான் மாத்திரை மறந்ததைச் சொன்னேன். அவன் சிரித்தான், ரொம்ப நேரம் சிரித்தான். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மற்றதையும் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

"மூணாவது மாசமே கலா எனக்கு ஃபோன் பண்ணிச் சொன்னா. நீ மாத்திரை போடலன்னு. உன்கிட்ட பேசுறேன்னு சொன்னேன். பேசல. உன் பிறந்தநாள் அன்னைக்குக்கூடக் கேக்கல."

அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

"தெரியும்."

"எப்படி?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்த அன்னிக்கே கலா சொல்லிச்சி. நீயா சொல்லுவியான்னு பாத்துகினு இருந்தேன்."

எதிர்ப் பிளாட்பாரத்தில் திருவள்ளூர் வண்டி வந்து நின்று, ஆட்கள் இறங்கி, போனது. அவன் யோசித்து யோசித்துப் பேசினான்.

"ஒண்ணு சொல்றேன்க்கா. நீ கேக்கலன்னு நா நிறுத்தல. அன்னிக்கு நீ கேட்டிருந்தாலும் போட்டுகினுதான் கீறேன்னு பொய்தான் சொல்லியிருப்பேன்."

அவன் எனக்காகச் சொல்கிறான் என்று தெரிந்தது. உண்மையாகவும் இருக்கலாம். பொய் சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேனா, அட்டையைக் காட்டு என்றிருப்பேனா, எதையும் இப்போது சோதித்துப் பார்க்க முடியாது.

"இருந்தாலும் கேட்டிருக்கணும்" என்றேன்.

அவன் மறுத்துப் பேசுவான் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஆமாக்கா" என்றான். "கேட்டிருக்கணும்."

பிறகு எழுந்து, என் கிளாஸையும் வாங்கிக்கொண்டுபோய்க் கடையில் வைத்துவிட்டு வந்தான். வெயில் ஏறியிருந்தது. வீட்டுக்கு நடந்தோம்.